பலாலிக்கும் கட்டுநாயக்காவுக்கும் குழந்தைகளுடன்

மயிலிட்டி மக்களுக்கு ஆகாய விமானம் புதுமைப் பொருளன்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப் படையினர் அயலூராகிய பலாலியில் ஓடுபாதை அமைத்தனர். 1947ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆம் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கே இறங்கிச் சென்னைக்குப் பறந்தது. ஊரிலிருந்து சில கட்டை தூரத்தில் விமான நிலையம் இருந்தும், கனடாவிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளை வரவேற்கப் புறப்படும் பாட்டனார் பெரும்பாலும் செல்வது பலாலிக்கன்று. 350 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கட்டுநாயக்காவுக்கே.

1990இல் யுத்தம் காரணமாக ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த நிலமும் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளிற் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் இப்பொழுது கைக்குழந்தைகளுடன் ஊர் காண வருகின்றனர். பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னைச் சேவை தொடங்கி, 2020இல் கொரோனாவினால் தடைப்பட்டு, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமாயிற்று. எனினும் நெடுந்தூர விமானங்கள் வந்திறங்கும் இடம் கட்டுநாயக்காவே.

அங்கிருந்து சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி வழியாக ஊர் வந்து சேர ஏழெட்டு மணி நேரமாகும். பெரியோர் கடிகாரத்தைப் பார்த்துப் பிரயாணத்தைத் திட்டமிடுகின்றனர். குழந்தைக்கோ பசியும் நித்திரையுமே கடிகாரம். கோடை காலத்தில் ரொறன்ரோவுக்கும் இலங்கைக்கும் ஒன்பதரை மணி நேர வேறுபாடு உண்டு. நள்ளிரவில் வானில் ஏற்றப்படும் பிள்ளைக்கு அது பிற்பகல், விளையாடும் வேளை. வழி நெடுக விழித்திருந்து அழுதுவிட்டு, அம்மம்மா ஆசையோடு காலைச் சாப்பாடு பரிமாறும்போது உறங்கிவிடும். இதனைப் பிடிவாதமென்று கடிந்துகொள்வது அறியாமை. கூடுமாயின் விமான நிலையத்திற்கு அண்மையில் ஓரிரவு தங்கி, மறுநாட் காலையிற் புறப்படுதல் நலம். செலவு சற்றுக் கூடும். சாரதியும் உறக்கக் கலக்கமின்றி வண்டி செலுத்துவார்.

நேயர்களே, இதனினும் பாரதூரமான விடயம் ஒன்றுண்டு. கனடாவில் குழந்தையைத் தனி ஆசனத்திற் கட்டாமல் மோட்டார் வண்டியில் ஏற்றத் துணியாத அதே தாய், கட்டுநாயக்காவில் வானில் ஏறியதும் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறாள். ஊரிலே எல்லாரும் அப்படித்தானே செய்கின்றனர் என்பது சமாதானம். பெற்றவள் கையினும் பாதுகாப்பு வேறேது என்று முதியோரும் கூறுவர். அன்பு வேறு, விசை வேறு. அறுபது கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி மோதி நிற்குமாயின், பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளை தன் எடையினும் பன்மடங்கு விசையோடு முன்னே எறியப்படும். அதனைத் தாங்கிப் பிடிக்கும் வலிமை எந்தக் கைக்கும் இல்லை. தாயையும் பிள்ளையையும் ஒரே பட்டியாற் பிணைத்தலோ இன்னும் கேடு. தாயின் பாரமே குழந்தையை நசுக்கிவிடும். முன் ஆசனத்தில் மடிமேல் இருத்துதல் எவ்வாற்றானும் தகாது.

ஆதலின் குழந்தை ஆசனத்தை உடன் கொண்டுவருதல் வேண்டும். பல விமான நிறுவனங்கள் அதனைக் கட்டணமின்றி ஏற்றுகின்றன. வான் பேசும்போதே பின் ஆசனங்களிற் பட்டி உண்டா என்று கேட்டு உறுதிசெய்தல் வேண்டும். பட்டியில்லா வண்டியில் அவ்வாசனம் வெறும் சுமையே.

இன்னொரு வழக்கமும் இதற்கு இடையூறாகின்றது. ஒருவர் வருகிறாரெனில் மாமன், சித்தி, ஒன்றுவிட்ட சகோதரர் எனப் பத்துப் பேர் வானை நிறைத்துக்கொண்டு கட்டுநாயக்கா செல்வது நம்மவர் மரபு. பாசம் போற்றத்தக்கதே. ஆயினும் திரும்பும்போது ஆளுக்கும் பெட்டிக்கும் இடம் போதாமல், இறுதியில் இடமிழப்பது குழந்தையே. இருவர் மாத்திரம் சென்று அழைத்துவர, ஏனையோர் வீட்டுப் படலையில் நின்று வரவேற்றால் அன்பு குறைந்துவிடாது.

வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிக் கால் நீட்டல் வேண்டும். கொதித்தாறிய நீரும், பிள்ளைக்குப் பழகிய உணவும், வாந்திக்கு ஒரு பையும் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் நன்று. ஊர் திரும்பும் நாளில் இதனையே மறந்துவிடுகின்றனர். ஒடியலும் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் கடைசி நேரத்திற் பைகளில் திணிக்கப்படுகின்றன. குழந்தையின் மாற்றுடை அவற்றின் அடியில் அகப்பட்டுக்கொள்கிறது! அழுது விடைபெறும் முதியோரைக் கண்டு, காரணம் அறியாமலே பிள்ளையும் அழும். பிரியாவிடையை வீட்டிலேயே முடித்துக்கொண்டால், விமான நிலைய வாசலில் குழந்தை ஓரளவு அமைதியாக இருக்கும்.

சென்னை வழியாகப் பலாலிக்கு வர விழைவோரும் உளர். நீண்ட தெருப் பிரயாணம் அதனால் தவிர்க்கப்படும். ஆனால் இரு விமானங்களுக்கும் தனித்தனிச் சீட்டு எடுத்திருப்பின், சென்னையிற் குடிவரவுப் பகுதியைக் கடந்து பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க நேரும். அதற்கு வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் இந்திய விசா பெற்றிருத்தல் வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி விசா வேண்டும். பலாலியில் இறங்கியபின் எஞ்சுவது சிறு தூரமே. முச்சக்கர வண்டியொன்று போதுமே என்று தோன்றும். அச்சிறு தூரத்துக்கும் பட்டியுள்ள மோட்டார் வண்டியொன்றை முன்னரே ஒழுங்குசெய்து, குழந்தை ஆசனத்தை அதிற் பொருத்திக்கொள்ளலாம்.