பழகிய இசையும் புதிய இசையும்



மேல்நாட்டு இசையரங்கு ஒன்றின் நிகழ்ச்சிநிரலை நீங்கள் பார்த்ததுண்டோ? எண்பது, தொண்ணூறு கலைஞர்கள் ஒருங்கே அமர்ந்து இசைக்கும் பெரும் பல்லியக் குழுவின் நிரலைச் சொல்கிறேன். பெரும்பாலும் அதில் ஓர் ஒழுங்கு காணப்படும். அவையோர் நன்கு அறிந்த படைப்பு ஒன்று முதலில் வரும். முடிவிலும் அத்தகையதே வரும். நடுவில், இதுவரை எவரும் கேளாத புதுப்படைப்பு ஒன்று அமைந்திருக்கும். கசப்பு மருந்தை வெல்லத்தில் பொதிந்து கொடுக்கும் பாட்டியின் உபாயந்தான் இது. வெல்லத்தைத் தின்றுவிட்டு மருந்தைத் துப்பிவிடும் குழந்தைகளும் உண்டல்லவா? அவ்வாறு துப்பிய சபைகள் சிலவற்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் வியன்னா நகருக்குச் செல்வோம். 1813-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், போரில் காயமுற்ற வீரர்களுக்கு நிதி திரட்டும் பொருட்டு அங்கே ஓர் இசையரங்கு நடைபெற்றது. பீத்தோவனின் ஏழாவது ஸிம்பொனி அன்றுதான் அரங்கேறியது. செவிப்புலன் பெரிதும் குன்றிய நிலையிலும் அவரே முன்னின்று நடத்தினார். அதன் இரண்டாம் பகுதியை மீண்டும் வாசிக்கச் சொல்லி அவையோர் ஆரவாரம் செய்தனர். அன்றே அவருடைய 'வெல்லிங்டனின் வெற்றி' என்ற போர்க்கள இசையும் வாசிக்கப்பெற்றது. பீரங்கி முழக்கமும், ஆங்கிலேயரின் பழகிய பாட்டு மெட்டுக்களும் நிறைந்த படைப்பு அது. மக்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இசையளவில் அது பீத்தோவனின் சிறந்த படைப்பன்று என்பதே என் கருத்து. ஆனால் நெப்போலியனின் வீழ்ச்சியை எதிர்நோக்கியிருந்த ஊரில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?

இவ்விரண்டும் அடுத்த சில வாரங்களில் மீண்டும் மீண்டும் வாசிக்கப்பெற்று வியன்னாவுக்குப் பழகிப்போயின. 1814-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் பீத்தோவன் மற்றோர் அரங்கு நடத்தினார். நிரலிலே பழகிய ஏழாவது ஸிம்பொனி உண்டு. பழகிய போர்க்கள இசையும் உண்டு. இவற்றோடு புதிதாக எட்டாவது ஸிம்பொனி. ஏழாவதற்குப் பழைய வரவேற்பே கிடைத்தது. எட்டாவதற்கோ, மரியாதையான கைதட்டல் மட்டுமே.

அந்நாளில் லைப்ஸிக் நகரிலிருந்து வெளிவந்த இசை இதழ் ஒன்று இதற்குக் கூறிய காரணம் மிக நுட்பமானது. குறை படைப்பில் இல்லை; ஏழாவதை வாசித்த பின்னர் எட்டாவதை வைத்ததே பிழை என்று அவ்விதழ் எழுதியது. பெருவிருந்து உண்டவன் முன் இன்னுமோர் இலையை விரித்தால் அவன் அதை எவ்வாறு சுவைப்பான்? ஏழாவது ஸிம்பொனி ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஓடும். எட்டாவதோ இருபத்தைந்து நிமிட அளவினது, குறும்பும் நகைச்சுவையும் மிக்கது. தம்பிக்கு என்று தனி முகம் உண்டு. ஆனால் அண்ணனின் அருகில் நிறுத்தி வைத்தால் எல்லோரும் உயரத்தைத்தானே அளப்பார்கள்?

இப்பொழுது பாரிஸுக்கு வருவோம். 1913-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள். ஷான்ஸ் எலிஸே நாடக அரங்கு திறக்கப்பட்டு இரண்டு மாதங்கூட ஆகவில்லை. தியாகிலெவ் என்பாரின் ருஷ்ய நாட்டியக் குழுவினர் அன்று நான்கு நாட்டியங்களை நிகழ்த்தினர். முதலாவது ஷோப்பேனின் இசைக்கு அமைந்த மெல்லிய நாட்டியம். பாரிஸார் பல ஆண்டுகளாக அறிந்தது. மூன்றாவதும் நான்காவதும் அவர்கள் முன்னரே கண்டு மகிழ்ந்தவை. இரண்டாவதுதான் புதியது: ஸ்டிராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு'. பண்டை ருஷ்யப் பழங்குடியினர் வசந்தத்தை வரவேற்க ஒரு கன்னியைத் தேர்ந்தெடுக்கின்றனர். அவள் ஆடி ஆடியே உயிர் துறக்கின்றாள். இதுவே பொருள்.

ஷோப்பேனின் நிலவொளியில் திளைத்திருந்த செவிகளில், அடுத்து விழுந்த முதல் ஒலியே வியப்பானது. பஸூன் என்பது கனத்த கீழ்ச்சுரங்களுக்குப் பேர்போன குழல். அதனைத் தன் இயல்பான எல்லைக்கு மேலே, தொண்டை நெரியும் உச்சத்தில் தனியாகப் பாடவைத்திருந்தார் ஸ்டிராவின்ஸ்கி. சபையில் முணுமுணுப்பு எழுந்தது. திரை விலகி, கால்களை உட்புறம் திருப்பி மண்ணதிரக் குதிக்கும் நடனத்தைக் கண்டதும் அது சிரிப்பாகவும் சீழ்க்கையாகவும் கூச்சலாகவும் வளர்ந்தது. எதிர்த்தோரை நோக்கி ஆதரித்தோர் கூவினர். இசை செவிக்கு எட்டவில்லை. நடனம் அமைத்த நிஜின்ஸ்கி திரைமறைவில் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று ஆடுவோருக்குத் தாளம் எண்ணிக் கத்தினாராம். பல்லியத்தை நடத்திய பியேர் மோந்தே என்பவரோ திரும்பியும் பாராமல் இறுதிச் சுரம் வரை நடத்தி முடித்தார். அவருடைய உறுதியை நான் மிகவும் போற்றுகின்றேன். வகுப்பறையில் கூச்சலுக்கிடையே பாடம் நடத்தியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அடுத்த ஆண்டு, 1914 ஏப்ரல் 5-ஆம் நாள், அதே மோந்தே, அதே பாரிஸில், அதே இசையை நடனமின்றி இசையரங்கில் வாசிக்கச் செய்தார். கேட்டவர்கள் ஸ்டிராவின்ஸ்கியைத் தோள்மேல் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார்கள்!

இதைச் சொல்லும் நூல்கள் பல, "முதலில் இகழ்ந்தவர்களே பின்னர் போற்றினர்" என்று முடித்துவிடுகின்றன. மாணவர்களே, சற்று நின்று ஆராயுங்கள். முதல் நாள் வந்தவர்களில் பலர் நாட்டியம் பார்க்க வந்த செல்வர்கள். பழகிய அழகை எதிர்நோக்கி விலை கொடுத்தவர்கள். பின்னர் வந்தவர்களோ இசை கேட்கவே வந்தவர்கள். என்ன வரப்போகிறது என்பதையும் அறிந்தவர்கள். அன்றியும், அவர்களில் பலரைச் சினமூட்டிய நடனம் இப்பொழுது மேடையில் இல்லை. மாறியது செவியா, சபையா, சூழலா? மூன்றும் மாறின என்றே நான் கொள்வேன். ஒரு நிகழ்ச்சியிலிருந்து ஒரே காரணத்தைப் பிடுங்குவது தேர்வுக்கு உதவலாம், உண்மைக்கு உதவாது.

அவ்விசையின் பிற்கால வரலாறு வேடிக்கையானது. 1940-இல் வால்ட் டிஸ்னி தம் 'ஃபாண்டேஸியா' படத்தில், ஆதிகாலப் பெருவிலங்குகள் உலவும் காட்சிக்கு அதனை அமைத்தார், குழந்தைகள் பார்த்தார்கள். 1977-இல் விண்வெளிக்கு அனுப்பப்பட்ட வாயேஜர் கலங்களின் பொன்முலாம் பூசிய ஒலித்தட்டில் பீத்தோவனின் ஐந்தாவது ஸிம்பொனியின் முதற்பகுதியும், நம் நாட்டுக் கேசர்பாய் கேர்க்கரின் பாட்டும் இருக்கின்றன. அவற்றோடு 'வசந்தச் சடங்'கின் பலி நடனமும் இருக்கின்றது.

புதியதைப் பக்குவமாகப் பரிமாறத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். 1895-ஆம் ஆண்டு லண்டன் குவீன்ஸ் ஹாலில் ராபர்ட் நியூமன் என்பவர் மலிவான கட்டணத்தில் இசையரங்குகள் தொடங்கினார். இளைஞரான ஹென்றி வுட் அவற்றை நடத்தினார். முதலில் எளிய, பழகிய இசை. பின்னர்ப் படிப்படியாக அரியதும் புதியதும் என்பது நியூமன் வகுத்த திட்டம். பொருளுதவி செய்தவர் ஒரு தொண்டை மருத்துவர். பாடகர்களின் தொண்டை கெடாதபடி சுருதியைத் தாழ்த்த வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை! அவ்வளவு பக்குவம் செய்தும், 1912 செப்டம்பர் 3-ஆம் நாள் ஷோன்பெர்கின் 'ஐந்து பல்லியத் துண்டுகள்' அங்கே முதன்முதலாக ஒலித்தபோது சபையில் சீழ்க்கை எழுந்தது. எனினும் 1914 ஜனவரியில் ஷோன்பெர்கே லண்டனுக்கு வந்து அவற்றை நடத்தினார்; இம்முறை மக்கள் பொறுமையுடன் கேட்டனர். அப்படைப்பில் எதுவும் மாறவில்லை. இரண்டாம் முறை கேட்கிறார்கள், அவ்வளவே.

தாய்நகரான வியன்னாவில் அவர் 1918-இல் ஒரு சங்கமே நிறுவினார். நிரல் முன்கூட்டி அறிவிக்கப்படாது. ஒரே படைப்பு பல முறை வாசிக்கப்படும். கைதட்டலும் கூடாது, சீழ்க்கையும் கூடாது. பல முறை வாசிப்பது நல்ல ஏற்பாடு. கைதட்டலைத் தடுப்பது எனக்கு உடன்பாடன்று. இசைக் கலைஞனுக்கு அவையின் முகம் தெரியவேண்டாமா?

நான் பணியில் இருந்தபோது, மேல்வகுப்பு மாணவர்களுக்கு வெள்ளிதோறும் மாலையில் இசைத்தட்டுக்கள் போட்டுக் காட்டுவது வழக்கம். ஒரு முறை 'வசந்தச் சடங்'கின் தொடக்கத்தை ஒலிக்கச் செய்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஐயா, சீவாளி இன்னும் பதப்படவில்லை போலிருக்கிறது" என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. அவன் தந்தை நாகசுரக் கலைஞர். பையன் கேலியாகச் சொன்னாலும் செவி பொய் சொல்லவில்லை. பஸூனும் நாகசுரத்தைப் போலவே இரட்டைச் சீவாளி கொண்ட கருவிதான். அதை விளக்கியபின் அவனே இன்னொரு முறை போடச் சொன்னான். தொடர்ந்து மூன்று வெள்ளிக்கிழமை கேட்டோம். மூன்றாம் வாரம் அவனிடம் கருத்துக் கேட்டேன். "எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, ஐயா, ஆனால் எந்த இடம் பிடிக்கவில்லை என்று இப்பொழுது சொல்ல முடியும்" என்றான். சொல்லவும் செய்தான், தாளம் மாறிமாறி விழும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினான்.

வானொலி நேயர்களாகிய உங்களுக்குச் சீழ்க்கையடிக்கும் வாய்ப்பில்லை. குமிழைத் திருப்பிவிடும் வசதி உண்டு. இப்பேச்சைத் தொடர்ந்து பீத்தோவனின் எட்டாவது ஸிம்பொனியின் இரண்டாம் பகுதி ஒலிபரப்பாகும். நான்கு நிமிட அளவினதே அது. குழற்கருவிகள் கடிகாரம்போல் ஒரே சீராய்த் துடிக்க, அதன்மேல் வயலின்கள் குறும்பாக ஓடி விளையாடும். ஏழாவது ஸிம்பொனியை இன்று நாங்கள் முன்னால் வைக்கவில்லை.