கைக்கும் மட்டைக்கும் நடுவே



எங்கள் குன்னம் பகுதியில் சின்ன வெங்காயக் கொல்லைகளில் களையெடுக்கும் பெண்மணிகளை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். காலை முதல் உச்சிப்பொழுது வரை குந்தியிருந்து வேலை செய்யும் அவர்கள், தம் களைக்கொத்தைப் பிறருக்கு இரவல் கொடுக்க எளிதில் இசைவதில்லை. இரும்பு எல்லாக் களைக்கொத்துக்கும் ஒன்றுதான். கொல்லர் பட்டறையில் எத்தனை வேண்டுமாயினும் கிடைக்கும். காம்பு அப்படியன்று. ஒருவர் கைக்குப் பழகிய காம்பு மற்றொருவர் கையில் கொப்புளத்தை உண்டாக்கிவிடும். சிலர் காம்பின்மேல் பழந்துணியைச் சுற்றி நூலால் இறுகக் கட்டியிருப்பர். அந்தத் துணிக்கு விலை ஏதும் இல்லை; ஆயினும் அஃது அவிழ்ந்து போனால் அன்றைய வேலை பாதியில் நின்றுபோகும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் களைக்கொத்து அன்று; ஸ்குவாஷ் ஆட்டத்தின் மட்டை. குறிப்பாக, அந்த மட்டையின் கைப்பிடிமேல் சுற்றப்பட்டிருக்கும் நாடா. கடைக்காரரும் ஆட்டக்காரரும் அதனைக் கிரிப் என்றே அழைக்கின்றனர். நானும் அச்சொல்லையே ஆள்கிறேன். வழக்கில் உள்ள சொல்லைத் தள்ளிவிட்டுப் புதுச்சொல் புனைந்து உங்களை மருட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லை.

ஸ்குவாஷ் என்பது நான்கு சுவர்களுக்கு நடுவே ஆடும் ஆட்டம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் மாணவர்களிடையே உருவானது. ஆங்கிலேயருடைய படை முகாம்களின் வழியாகவும் சங்கங்களின் வழியாகவும் நம் நாட்டுக்கு வந்தது. களத்தின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். அதற்குள் இருவர் ஒரே பக்கத்தில் நின்று, முன்சுவரை நோக்கிப் பந்தை மாறி மாறி அடிக்கின்றனர். முன்சுவரின் அடிப்பகுதியில் ஏறத்தாழ 48 செ.மீ. உயரத்துக்குத் தகரம் ஒன்று உண்டு. பந்து அதில் பட்டால் தவறு. நெடுங்காலம் செல்வர்களின் சங்கங்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்த இவ்வாட்டம் இன்று சென்னையில் நன்கு வேரூன்றியிருக்கிறது. நேரு பூங்காவில் இந்திய ஸ்குவாஷ் அகாதெமி இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் இரட்டையர் பிரிவில் தங்கம் வென்றனர். 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்திய அணி ஹாங்காங்கை 3-0 என வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. அவ்வணியில் ஆடிய ஜோஷ்னாவுக்கு அப்போது வயது 39. 2028இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடைபெறவுள்ள ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறுகிறது. ஆகவே இது நமக்கு எட்டாத ஆட்டம் என்று எண்ண வேண்டா.

இத்தகைய பெரிய போட்டிகளைத் தொலைக்காட்சியில் காணும்போது ஒரு சிறு செய்கையைக் கவனியுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஓய்வில் ஆட்டக்காரர் கண்ணாடிச் சுவரருகே சென்று, உள்ளங்கையை அதன்மேல் அழுத்தித் தேய்ப்பார். சுவரைத் தட்டிப் பார்க்கிறார் போலும் என்றே நான் முதலில் கருதினேன். பிறகுதான் விளங்கிற்று. அவர் வியர்வையைத் துடைக்கிறார். உலக அரங்கில் ஆடுவோருக்கும் உள்ளங்கை ஈரமே முதற்பகை.

அந்தப் பகையை என் குடும்பத்திலேயே ஒருமுறை கண்டேன். என் தங்கையின் மகள் சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். அங்கே ஸ்குவாஷ் பழகத் தொடங்கியிருந்தாள். பொங்கல் விடுமுறைக்குக் குன்னம் வந்தபோது மட்டையையும் கொண்டுவந்தாள். ஆனால் அதனை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. காரணம் கேட்டேன். "மாமா, இனி நான் ஆடப்போவதில்லை. எனக்கு மட்டையைப் பிடிக்கவே தெரியவில்லை" என்றாள். வற்புறுத்திக் கேட்டபோது செய்தி வெளிவந்தது. ஆட்டத்தின் நடுவே மட்டை அவள் கையிலிருந்து நழுவி, உடன் ஆடிய தோழியின் கணுக்காலில் பட்டுவிட்டது. பெருங்காயம் ஒன்றும் இல்லை. ஆயினும் அந்தப் பெண் இரண்டு வாரம் நொண்டி நடந்ததை இவள் நாள்தோறும் கண்டிருக்கிறாள். சிறிய களம், எதிராளி கைக்கெட்டும் தொலைவில் நிற்கிறார். கையைவிட்டுப் போகும் மட்டைக்கு அங்கே வேறு போக்கிடம் இல்லை.

நான் மட்டையை வாங்கிப் பார்த்தேன். கைப்பிடி வாழைத்தண்டு போல உருண்டு திரண்டிருந்தது. முதற்கிரிப்பின்மேல் ஓவர் கிரிப் எனப்படும் மெல்லிய நாடாவைச் சுற்றியிருந்தாள். நழுவுகிறது என்று அதன்மேல் மற்றொன்று. அதுவும் நழுவுகிறது என்று மூன்றாவது. அவிழ்த்துப் பார்த்தால் அடியில் இருந்த அடுக்கு ஈரம் உலராமல் கறுத்து நாறிக் கிடந்தது.

அவளுடைய எண்ணம் முற்றிலும் பிழையன்று என்பதையும் சொல்ல வேண்டும். நெம்புகோல் கணக்கு அறிந்த மாணவர்கள் இதனைச் சற்றே கருதிப் பாருங்கள். ஸ்குவாஷ் மட்டையின் தலைப்பகுதி விதிப்படி 215 மி.மீ. அகலம் வரை இருக்கலாம். பந்து நடுக்கோட்டிலிருந்து 6 செ.மீ. விலகிப் படுகிறது என்று கொள்வோம். மட்டை உடனே தன் அச்சில் திரும்பப் பார்க்கும். அதனைத் தடுக்கும் கை, அச்சிலிருந்து ஏறத்தாழ 1.5 செ.மீ. தொலைவில்தான் பற்றியிருக்கிறது. 6 செ.மீ. எங்கே, 1.5 செ.மீ. எங்கே? மட்டையின் நிலைமம் ஓரளவு துணைசெய்யும். எஞ்சியதைக் கையின் உராய்வே தாங்கவேண்டும். கைப்பிடி பருத்தால் இந்தத் தொலைவு கூடும், தடுப்பதும் எளிதாகும். இந்த அளவில் அவள் செய்தது சரியே.

ஆனால் பருமன் கூடக் கூட வேறு இரண்டு கேடுகள் விளைகின்றன. ஒன்று, விரல்கள் முழுவதும் வளைந்து பற்ற முடியாமற் போகும். அப்பொழுது இறுக்கிப் பிடிக்க முனைவோம். முன்கை விரைவில் களைத்துவிடும். மற்றது இன்னும் பெரிது. கிரிப்பை முழுதும் நீக்கிவிட்டுப் பாருங்கள். கைப்பிடி வட்டமாக இராது. அதற்கு விளிம்புகள் உண்டு. ஆட்டக்காரரின் கண் பந்தின்மேல் இருக்கிறது. மட்டையின் முகம் எப்பக்கம் நோக்கியிருக்கிறது என்பதை அவருக்குச் சொல்வது இந்த விளிம்புகளே. இருட்டில் அரிவாளை எடுக்கும் குடியானவர் அதன் வாய் எப்பக்கம் என்பதைப் பிடியைத் தொட்டே அறிகிறார் அல்லவா? அடுக்கடுக்காக நாடா சுற்றினால் விளிம்புகள் மழுங்கி, கைப்பிடி உருளையாகிறது. கைக்குச் செய்தி வராமல் போகிறது. என் மருமகள் மட்டையைப் பிடிக்கத் தெரியாதவள் அல்லள். மட்டை அவளிடம் பேச முடியாதபடி அதன் வாயை மூன்று துணியால் கட்டியிருந்தாள்.

டென்னிஸ் மட்டைகள் பல கைப்பிடி அளவுகளில் விற்கப்படுகின்றன. ஸ்குவாஷ் மட்டைகள் பெரும்பாலும் ஒரே அளவில் வருகின்றன. ஆதலால் கைக்கேற்பப் பருமனைத் திருத்திக்கொள்ளும் பொறுப்பு கிரிப்பையே சேர்கிறது. கைப்பிடிமேல் நேராக ஒட்டும் அடிப்படைக் கிரிப், ஏறத்தாழ 1.5 முதல் 2 மி.மீ. கனம் உள்ளது. இதனை ரீபிளேஸ்மென்ட் கிரிப் என்பர். ஓவர் கிரிப்போ அரை மி.மீ. அளவே இருக்கும். கை சிறியவர்களுக்கு அடிப்படைக் கிரிப் ஒன்றே போதும். பெரிய கை உடையோர் அதன்மேல் ஓர் ஓவர் கிரிப் சுற்றிக்கொள்ளலாம். இரண்டாவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எப்பொருளாலான கிரிப் நன்று? முற்காலத்தில் தோல் சுற்றினர். தோலில் விளிம்பு நன்கு தெரியும். ஆனால் எடை மிகுதி, நனைந்து காய்ந்தால் விறைத்துவிடும். துவாலைத் துணி போன்ற பருத்திக் கிரிப் வியர்வையை நன்கு குடிக்கும். அழுக்கையும் அவ்வாறே குடிக்கும். இன்று மிகுதியாக விற்பவை பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆனவை. இவற்றிலும் சில பிசுபிசுப்பு மிக்கவை, சில மெத்தென்றவை, சில சிறு துளைகள் இட்டவை. கடையில் உலர்ந்த கையால் பிடித்துப் பார்க்கும்போது மெத்தென்றதே நம்மை மயக்கும். அங்கே குளிர்சாதனம் வேறு. நாம் ஆடப்போவது கடையில் அன்று; சித்திரை மாதத்துச் சென்னையில். வெறும் பிசுபிசுப்பை நம்பும் கிரிப், கை மிகவும் நனைந்தபின் வழுக்கத் தொடங்கும். கை மிகுதியாக வியர்ப்பவர்கள் துளையிட்ட மெல்லிய கிரிப்பையோ உறிஞ்சும் தன்மையுள்ளதையோ நாடுவதே தக்கது என்பது என் கருத்து. நிறத்தைப் பொறுத்தவரை வெள்ளையே நல்லது. அழுக்கு தெரிகிறதே என்பர். தெரிவதற்காகவே சொல்கிறேன்.

இனி மாற்றும் முறை. இதனைத் திண்ணையில் அமர்ந்து நானே செய்தேன். முதல் முறை செய்தது படுதோல்வி. புதிய கிரிப்பின் அடிப்புறத்தில் பசை உண்டு. அதனை மெல்லிய தாள் ஒன்று மூடியிருக்கும். ஆசிரியனாக 30 ஆண்டுக்கு மேல் இருந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில், அந்தத் தாள் முழுவதையும் ஒரே இழுப்பில் உரித்தெறிந்தேன். தை மாதத்துக் காற்றில் நாடா சுழன்று தன்மேல் தானே ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுப்பதற்குள் எங்கள் ஊர்க் கரிசல் புழுதி வேறு அதில் அப்பிக்கொண்டது. விலை கொடுத்து வாங்கிய கிரிப் ஒன்று வீணாயிற்று. நல்ல வேளை, அவள் இரண்டு வாங்கி வந்திருந்தாள்.

இரண்டாம் முறை பொறுமையோடு செய்தோம். முதலில், பழைய கிரிப்பின் மேல்முனையில் உள்ள ஒட்டுநாடாவை நீக்கி மெல்ல அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும்போதே அது எப்பக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது, ஒவ்வொரு சுற்றும் முன்சுற்றின்மேல் எவ்வளவு படிந்திருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல பாடநூல் கிடையாது. இடக்கையர் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொள்வது உண்டு. அடிமுனையில் சிறு ஊசிக்கம்பி அடித்திருந்தால் குறட்டால் பிடுங்கிவிட வேண்டும். எஞ்சிய பசையை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும். எண்ணெய்ப் பசை சிறிதும் ஆகாது.

புதிய நாடாவின் ஒரு முனை கூர்ந்து சரிவாக வெட்டப்பட்டிருக்கும். அதுவே தொடங்கும் முனை. அதனைக் கைப்பிடியின் அடியில், விளிம்போடு பொருந்த வைத்து, முதற்சுற்றை நேராகவே சுற்றுங்கள். பிறகு சிறிது சாய்த்து மேலேறலாம். தாளை ஒரு சுற்றுக்கு வேண்டிய அளவே உரிக்க வேண்டும். நாடாவைச் சுற்றுவதைவிட, நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு மட்டையை உருட்டுவது எளிது. இழுப்பு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாக இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றும் முன்சுற்றின் ஓரத்தில் ஒன்று அல்லது இரண்டு மி.மீ. படிந்தால் போதும். மிகுதியாகப் படிந்தால் மேடு தோன்றும். படியாமல் இடைவெளி விட்டால் அதில் விரல் பட்டு ஓரம் கிளம்பும். பிழை நேர்ந்தால் உடனே இரண்டு சுற்று பின்வாங்கிச் சரிசெய்யுங்கள். மேலே போய்ச் சரியாகும் என்று எண்ணினால் சரியாகாது. உச்சியை அடைந்ததும், மிஞ்சிய நாடாவைச் சரிவாகக் கத்தரித்து, உடன் கொடுத்துள்ள ஒட்டுநாடாவை இழுத்துச் சுற்றிவிட வேண்டியதுதான். பழகிய கைக்குப் பத்து நிமிட வேலை. எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

கிரிப்பை எப்பொழுது மாற்றுவது என்பதற்கு நாட்கணக்குச் சொல்ல இயலாது. நாள்தோறும் ஆடுபவர் வேறு, ஞாயிறுதோறும் ஆடுபவர் வேறு. மேற்பரப்பு மின்னத் தொடங்கினால், கட்டைவிரல் படும் இடம் கடினமானால், உலர்ந்த பின்னும் நாற்றம் போகாவிட்டால், அது தன் காலத்தை முடித்துக்கொண்டது என்று கொள்ளலாம். ஆடி முடித்தபின் மட்டையை உறைக்குள் திணிக்காமல் காற்றாட வைத்தால் சில வாரம் கூடுதலாக உழைக்கும்.

விடுமுறை முடிந்து சென்ற மருமகள் ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். மீண்டும் அதே தோழியோடு ஆடுகிறாளாம். "மட்டை இப்போது கையில் திரும்புவதில்லை மாமா. பந்துதான் இன்னும் தகரத்தில் படுகிறது" என்றாள். அதற்குத் திண்ணையில் மருந்து இல்லை என்று சொன்னேன்.

புழுதி அப்பிய அந்த முதற்கிரிப்பை நான் எறிந்துவிடவில்லை. கழுவிக் காயவைத்து, எங்கள் கொல்லையில் களையெடுக்க வரும் அம்மையார் ஒருவரின் களைக்கொத்துக் காம்பில் நூலால் கட்டிக் கொடுத்தேன். இரண்டு நாள் வேலை செய்தார். மூன்றாம் நாள் அவிழ்த்துக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். "பார்க்க நன்றாக இருக்கிறது ஐயா, ஈரம் பட்டால் வழுக்குகிறது" என்றார். காம்பில் மறுபடியும் அவருடைய பழந்துணி ஏறியிருந்தது.