ஒரு துணுக்கின் பயணம்

தாம்பரத்தில் ரயிலேறிக் கிண்டியில் இறங்கி அடையாறுக்குப் பேருந்து பிடிக்கிறவர்கள் தினமும் ஐஐடி மெட்ராஸைக் கடக்கிறார்கள். அங்கே ஒரு வங்கி உண்டு: தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி.

அறுவைச் சிகிச்சையில் அகற்றிய கட்டியின் துணுக்கை, நோயாளியின் சம்மதத்தோடு உறையவைத்து, ஆராய்ச்சிக்குத் தரும் வங்கி அது.

பகிர்ந்தால் என்ன கிடைக்கும்? சிறுநீர்ப்பைப் புற்றுநோயே சாட்சி. ஸ்வீடன் மூதாட்டி ஒருவரின் கட்டியிலிருந்து 1970 வாக்கில் வளர்த்த ‘டி24’ செல்கள் ஆய்வகம் ஆய்வகமாகக் கைமாறின. மனிதப் புற்றுநோயைத் தூண்டும் மரபணுவை 1982-ல் அமெரிக்கக் குழுக்கள் பிரித்தெடுத்தது அவற்றிலிருந்துதான். மாறியிருந்தது அந்த மரபணுவின் ஒரே ஓர் எழுத்து!

2025 பிப்ரவரியில் ஐஐடி மெட்ராஸ், இந்திய மார்பகப் புற்றுநோயின் மரபணுத் தரவுகளை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவைத்தது. சிறுநீர்ப்பைக்கும் அப்படியொரு தொகுப்பு சீக்கிரம் வரவேண்டும்.