நம் வீட்டுக் கதவும் இணையச் சாளரமும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

     

ஓர் ஓலைக் கொட்டகையில், ஒரே ஒரு குழல்விளக்கின் கீழ் மாலை வகுப்பாகத் தொடங்கிய இச்சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. அந்தக் கொட்டகையில் பாடம் படித்த பிள்ளைகள் சிலர் இன்று இம்மேடையில் அமர்ந்திருப்பதைக் காணும்போது என் உள்ளம் பூரிக்கிறது.

இணையமும் தனிமனித அந்தரங்கமும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் வரலாறு படித்தவன். கணினிப் பொறியாளன் அல்லன். ஆயினும் துணிந்து ஒப்புக்கொண்டேன். பிறர் நம்மைப் பற்றி எதை அறியலாம், எதை அறிதல் ஆகாது என்னும் வினா பொறியாளர்க்கு மட்டும் உரியதன்று. அது நம் சமுதாயம் தலைமுறை தலைமுறையாக எதிர்கொண்டு வரும் வினா.

1997-ஆம் ஆண்டில் பட்டதாரி ஆசிரியராக முதன்முதலில் பணியேற்க ஒரு சிறு நகருக்குச் சென்றேன். வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் மரியாதையோடு பேசினார், வாடகையும் முடிவாயிற்று. புறப்படும் வேளையில், "சாருக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டார். சொன்னேன். "அந்த ஊரில் எந்தத் தெரு?" என்றார். அதையும் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, அந்த வீட்டைத் தம் மகனுக்கென வைத்திருப்பதை மறந்துவிட்டதாகக் கூறினார். அவர் என் சாதியைக் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தெருவைத்தான் கேட்டார். அதுவே அவருக்குப் போதுமானதாயிற்று.

மேல்நாட்டில் உயர்கல்வி கற்று 1917-இல் பரோடாவுக்குப் பணியேற்க வந்த அண்ணல் அம்பேத்கருக்கும் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. இதனை அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். ஒருவரைப் பற்றிய செய்தி எவர் கையில் சேர்கிறது என்பதைப் பொறுத்து, கதவு திறப்பதும் மூடுவதும் அமைகின்றன. இதனை மனத்திற்கொண்டு இணையத்திற்கு வருவோம்.

பிரவுசர் என்று நாம் வழங்கும் உலாவி, இணையத்தைப் பார்ப்பதற்கான சாளரம். 1990-இல் சுவிட்சர்லாந்து நாட்டிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் முதல் உலாவியை உருவாக்கினார். 1993-இல் அந்த ஆய்வுக்கூடம் வலைத்தள நுட்பத்தை எவரிடமும் காசு கேளாமல் உலகுக்கு அளித்தது. அக்கொடையின் பயன் நமக்கும் வந்து சேர்ந்தது. அண்ணல் அம்பேத்கரின் நூல் தொகுதிகளைப் படிக்க நான் பேருந்து ஏறி மாவட்ட நூலகம் செல்ல வேண்டியிருந்தது. இன்று நீங்கள் அவற்றைக் கைப்பேசியிலேயே படிக்கிறீர்கள். ஆகவே இணையத்தைப் பழிக்க நான் வரவில்லை. அந்தச் சாளரத்தின் வழியே நாம் வெளியே பார்ப்பது போலவே வெளியிலிருந்தும் நம்மைப் பார்க்கிறார்கள் என்பதை நினைவூட்டவே வந்தேன்.

எவ்வாறு பார்க்கிறார்கள்? 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் குக்கி என்னும் உத்தி உருவாயிற்று. நீங்கள் ஒரு தளத்திற்குச் சென்றால் அது ஒரு சிறு அடையாளச் சீட்டை உங்கள் உலாவியில் வைத்துவிடுகிறது. மறுமுறை செல்லும்போது, முன்னர் வந்தவர் இவரே என்று அச்சீட்டைக் கொண்டு தெரிந்துகொள்கிறது. இதில் தவறில்லை, இச்சீட்டு இன்றேல் ஒவ்வொரு பக்கத்திலும் கடவுச்சொல்லைத் தர நேரிடும். தொல்லை அடுத்த படியில் தொடங்குகிறது. ஒரு சந்தையில் நூறு கடைகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். நூறு கடைகளிலும் ஒரே முதலாளியின் கணக்கப்பிள்ளைகள் மூலையில் அமர்ந்து, நீங்கள் எதைத் தொட்டுப் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று ஒரே பேரேட்டில் எழுதி வந்தால் எப்படி இருக்கும்? விளம்பர நிறுவனங்கள் பல தளங்களிலும் தம் சீட்டுகளை வைத்து இதைத்தான் செய்கின்றன. உலகில் மிகுதியானோர் பயன்படுத்தும் குரோம் உலாவி கூகுள் நிறுவனத்துடையது. அந்நிறுவனத்தின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்தே வருகிறது. சாளரம் செய்து தருபவரே கணக்கப்பிள்ளையையும் வைத்திருக்கிறார்.

"எழுதினால் எழுதிக்கொள்ளட்டும், செருப்பு விளம்பரம்தானே வரும்?" என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு அமெரிக்க நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பேஸ்புக் நிறுவனம் தன் பயனாளர்களிடம் இனத்தைக் கேட்கவில்லை. எனினும் அவர்கள் விரும்பிப் பார்ப்பவற்றைக் கொண்டு, இவர் கறுப்பின மக்களோடு நாட்டமுடையவர், இவர் ஸ்பானிய மரபினரோடு நாட்டமுடையவர் என வகைப்படுத்தி வைத்திருந்தது. வீட்டு விளம்பரம் தருவோர், குறிப்பிட்ட வகையினர் கண்ணில் அது படாதவாறு விலக்கிவிட முடியும் என்பதனை 2016-இல் புரோபப்ளிகா என்னும் செய்தி நிறுவனம் விளம்பரம் கொடுத்துப் பார்த்தே வெளிப்படுத்தியது. 2019-இல் அந்நாட்டு வீட்டுவசதித் துறை பேஸ்புக் மீது குற்றம் சாட்டியது. 2022-இல் நீதித்துறையோடு உடன்பாடு செய்துகொண்டு, விளம்பர முறையை மாற்ற அந்நிறுவனம் இசைந்தது.

என் வீட்டுக்காரர் நினைவுக்கு வருகிறாரா? அவரும் கேட்கவில்லை, ஊகித்தார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர் கதவை மூடியபோது நான் வாசலில் நின்றேன்; மூடியதைக் கண்டேன். காட்டப்படாத விளம்பரத்தை எவர் காண்பார்? இல்லாத கதவை எங்ஙனம் தட்டுவது? நம் ஊர், நம் தெரு, நாம் தேடும் உதவித்தொகை, நாம் கேட்கும் பாடல், நம் நண்பர்கள் ஆகிய இவற்றைக் கொண்டு நாம் யார் என ஊகிப்பது எந்திரத்திற்கு அரிதன்று. நம்மைப் பற்றிய பேரேடு பிறர் கையில் இருப்பது மற்றவர்க்கு ஒரு தொல்லை. நமக்கோ அது பழைய ஆபத்தின் புதிய வடிவம்.

இலவசம் என்னும் சொல்லையும் ஆராய வேண்டும். 2015-இல் அதே பேஸ்புக் நிறுவனம், ஃப்ரீ பேசிக்ஸ் என்னும் பெயரில், தான் ஏற்கும் சில தளங்களை மட்டும் ஏழைகளுக்குக் காசின்றிக் காட்டும் திட்டத்தை நம் நாட்டில் முன்வைத்தது. கேட்பதற்கு இனிமையான திட்டந்தான். ஆனால் காசுள்ளவனுக்கு முழு இணையம், காசில்லாதவனுக்கு யாரோ பொறுக்கித் தந்த இணையம் என்றால் அதற்கு என்ன பெயர்? தேநீர்க் கடையில் தனிக்குவளை கண்ட நமக்கு அதன் பெயர் தெரியும். 2016 பிப்ரவரி 8 அன்று, இணையத்தின் உள்ளடக்கத்திற்கு ஏற்ப வேறுவேறு கட்டணம் வாங்கலாகாது என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. அத்திட்டம் இந்நாட்டில் நின்றுபோயிற்று. பெருநிறுவனத்தை எதிர்த்து எதுவும் செய்ய இயலாது என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றுமொரு செய்தி. தன் தேடுபொறியே உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் முன்னதாக அமைந்திருக்க வேண்டும் என்பதற்காக, 2021 என்னும் ஓராண்டில் மட்டும் கூகுள் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். இது அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிவந்த கணக்கு. தேடுதுறையில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டத்திற்கு மாறாகக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில், குரோமை விற்க வேண்டியதில்லை, ஆனால் பிறரை விலக்கும் ஒப்பந்தங்கள் செய்தல் ஆகாது என ஆணையிட்டது.

பயனாளர் விரும்பினால் சில நொடிகளில் மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் அமைப்புக்கு ஏன் இவ்வளவு பணம்? மாற்ற மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். முன்னதாக இருப்பதையே இயற்கை என மக்கள் கருதிவிடுவர். இளைஞர்களே! இதற்கு நம் ஊரில் வழக்கம் என்று பெயர். கிணற்றில் நீர் எடுக்கக் கூடாது என்பது வழக்கம். கோயில் தெருவில் செருப்பணியக் கூடாது என்பது வழக்கம். வழக்கம் என்பது யாரோ தம் நலனுக்காகச் செய்து வைத்த ஏற்பாடு, மாற்றினால் மாறும். இதனை மெய்ப்பித்ததே நம் வரலாறு. அத்தகைய வரலாறுடைய நாம், கைப்பேசிக்காரன் வைத்துக் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாமா?

இங்கு ஒரு தடை எழும். "நம் அடையாளத்தை மறைக்கச் சொல்கிறீரா? மறைப்பது கோழைத்தனம் அல்லவா?" என்பது அது. நல்ல கேள்வி. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-இல் தொடங்கிய இதழுக்குப் பறையன் என்றே பெயர் சூட்டினார். இழிவென்று பிறர் கருதிய பெயரைத் தாமே எடுத்து உயர்த்திப் பிடித்தார். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடோ பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இடுவதைக் கைவிடத் தீர்மானித்தது. ஒன்று சொன்னது, மற்றொன்று சொல்ல மறுத்தது. இரண்டும் தன்மானமே. ஏனெனில் இரண்டிலும் முடிவு செய்தவர் அவரவரே. நான் யார் என்பதை நான் விரும்பும் இடத்தில், விரும்பும் வகையில், தலை நிமிர்ந்து சொல்வேன். என் பையில் கைவிட்டு எவரும் எடுத்துப் படிக்கலாகாது. அந்தரங்க உரிமை என்பது இதுவே.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அரசியலமைப்புச் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவுபெற்ற அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு அதற்கு அடித்தளமாயிற்று. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பதினெட்டு வயது நிறையாதோரின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அச்சட்டம். பல பிரிவுகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அதனைக் கேட்டுப் பெறும் வாய் வேண்டும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

இறுதியாக, சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். என் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை கலங்கிய முகத்தோடு வந்தார். முன்பின் அறியாத ஒருவன் கைப்பேசியில் அழைத்து, மகளின் பெயரையும் பள்ளியையும் சொல்லிப் பேசுகிறானாம். எண் எங்கிருந்து சென்றது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அவள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த பிரவுசிங் சென்டருக்குச் சென்று கணினியைப் பார்த்தேன். திகைத்தேன். என் மாணவர் பலரின் சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் யாவும் அங்கே கிடந்தன. ஒரு மாணவனின் மின்னஞ்சல் மூடப்படாமலே இருந்தது. மையத்தை நடத்துபவர் கெட்டவர் அல்லர். எவரும் அழிக்கச் சொல்லவில்லை, அவரும் அழிக்கவில்லை. பெருநிறுவனங்களைக் குறை கூறும் நான், என் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்கவில்லையே என்று அன்று வெட்கமுற்றேன். அனைத்தையும் அழித்துவிட்டே திரும்பினேன்.

ஆதலின் சில நடைமுறைகளை வேண்டுகோளாக வைக்கிறேன். பிறர் கணினியில் கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று உலாவி கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, ஏற்றிய சான்றிதழ்களை அழித்துவிட்டே எழுந்திருங்கள். அங்கெல்லாம் மறைநிலைச் சாளரத்தைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது அக்கணினியில் தடம் விடாமல் காக்குமேயன்றி, நீங்கள் செல்லும் தளங்களிடமிருந்து காவாது. மறைநிலையிலும் விவரம் திரட்டியதாகக் கூகுள் மீது 2020-இல் வழக்குத் தொடரப்பட்டு, திரட்டியவற்றை அழிக்க அந்நிறுவனம் 2024-இல் ஒப்புக்கொண்டது நினைவிருக்கட்டும். உங்கள் கைப்பேசியில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுத்து வையுங்கள். இருப்பிடத்தையும் தொடர்பு எண்களையும் கேட்கும் செயலிகளுக்கு, ஏன் என்று கேளாமல் ஒப்புதல் தராதீர்கள். இலாப நோக்கற்ற மொசில்லா அறக்கட்டளையின் வழிவந்த பயர்பாக்ஸ் உலாவி தமிழிலும் கிடைக்கிறது; பயன்படுத்திப் பாருங்கள். அதற்கும் வருவாயின் பெரும்பகுதி கூகுளிடமிருந்தே வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எதையும் கண்மூடி நம்ப வேண்டியதில்லை. மாற்று உண்டு என்று அறிந்திருத்தலே முதற்படி.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். மாலை வகுப்பில் வாரம் ஒரு மணி நேரத்தை இக்கல்விக்கு ஒதுக்குங்கள். உதவித்தொகை விண்ணப்பங்களைச் சங்கத்தின் கணினியிலேயே, பொறுப்பான ஓர் இளைஞரின் மேற்பார்வையில் நிரப்ப ஏற்பாடு செய்யுங்கள். கையெழுத்துப் போடக் கற்பித்தது நம் முன்னோர் தலைமுறை. எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்று கற்பிப்பது நம் தலைமுறையின் கடமை.

எந்தத் தெரு என்று கேட்ட கேள்விக்கு அன்று விடை சொல்லிவிட்டு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். என் மாணவர்கள், "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கும் நாளைக் காண விழைகிறேன்.