அக்கரைச் சம்பளமும் இக்கரை வியாபாரமும்



கூலியை உயர்த்தினால் முதலாளிக்கு லாபமா, நட்டமா? இந்தக் கேள்வியை ஜொகூர் பாருவில் கூடி விவாதிப்பதே பொருத்தம். விடியற்காலை நான்கு மணிக்கு மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் வரிசை பிடிக்கும் நம் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆலையிலும் கிடங்கிலும் அவர்கள் அங்கே பார்க்கும் வேலை இங்கேயும் இருக்கிறது. ஆனால் அக்கரையின் ஒரு வெள்ளி இங்கே மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். அந்தச் சம்பளம்தான் மாசாயில் வீட்டுத் தவணையாகவும், ஸ்கூடாயில் மளிகைச் சாமானாகவும், தீபாவளிக்கு முன் நகைக்கடை வியாபாரமாகவும் மாறுகிறது. ஆக, ஜொகூர் வியாபாரி ஏற்கெனவே உயர்ந்த சம்பளத்தால்தான் பிழைக்கிறார். அதைக் கொடுப்பவர் வேறொருவர், அவ்வளவுதான்.

1914 ஜனவரியில் அமெரிக்கக் கார் தயாரிப்பாளர் ஹென்றி ஃபோர்டு நாள் கூலியை 5 டாலராக்கியது, தொழிலாளியே தன் காரை வாங்கட்டும் என்பதற்காக என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொந்தத் தொழிலாளிகளை மட்டும் நம்பி எந்த ஆலையும் ஓடாது. அதற்கு முந்தைய ஆண்டில் அவரிடம் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். உயர்ந்த கூலி அவர்களை நிற்க வைத்தது. இந்த ஆதாயம் தனி முதலாளிக்கே கிடைக்கும். வாங்குபவர் கையில் காசு புரளும் ஆதாயமோ எல்லாரும் சேர்ந்து கொடுத்தால்தான் வரும். அதனால்தான் சட்டம் வேண்டியிருக்கிறது. 2013இல் மலேசியத் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது.

கூலி மலிவாகவே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தோட்டங்களைப் பாருங்கள். செம்பனைக் குலையை இன்றும் நீண்ட கழியில் பூட்டிய அரிவாளால் அண்ணாந்து நின்று மனிதன்தான் அறுக்கிறான். மரத்தின் உயரம், மேடுபள்ளம் என்று காரணம் சொல்வார்கள். பாதி உண்மை. மலிவாக ஆள் கிடைத்தவரை வேறு வழி தேட அவசரமே இருக்கவில்லை என்பது மீதிப் பாதி. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் அந்தக் கூலிக்குத் தோட்டத்தில் தங்கவில்லை. அவர்கள் இடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கொரோனா காலத்தில் எல்லை மூடப்பட்டபோது அறுக்க ஆளின்றிக் குலைகள் மரத்திலேயே அழுகின. மலிவுக் கூலிக்கு முதலாளியும் விலை கொடுத்தார்.

எதிர்த் தரப்பையும் மதிக்கவேண்டும். 1979இல் சிங்கப்பூரின் தேசியச் சம்பள மன்றம், தொழில்கள் தரம் உயரட்டும் என்றே மூன்றாண்டுகள் பெரிய சம்பள உயர்வைப் பரிந்துரைத்தது. 1985இல் பொருளாதாரம் சரிந்தது. மறு ஆண்டு முதலாளிகளின் மத்திய சேமநிதிப் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் உற்பத்தித்திறனை முந்திச் சம்பளம் ஓடினால் மூச்சுத் திணறும் என்பதை மறுக்க முடியாது.

இங்கே கட்டுரை படைக்கும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐந்து பேருக்கும் குறைவானவர்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 1,700 ரிங்கிட்டை எட்ட 2025 ஆகஸ்டு வரை அவகாசம் தரப்பட்டது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தகம், பூக்கடை என்று அவர்களில் பலர் நம்மவர்கள். அங்கே வேலை செய்பவர்களும் நம்மவர்கள். அந்த ஆறு மாதத்தில் அவர்கள் விலையை ஏற்றினார்களா, ஆளைக் குறைத்தார்களா, அல்லது வேலை செய்யும் முறையை மாற்றினார்களா? கடை கடையாகப் போய் விசாரித்துச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியோடு முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.