எழுத்தை அளப்பது எப்படி?



எனக்கு முன் பேசிய தோழர், படிப்பில்லாத ஜனங்களைப் பற்றி வெகுநேரம் வருத்தப்பட்டார். நான் எழுதுகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் வருத்தப்பட உத்தேசித்திருக்கிறேன்.

என் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டாவது வரையில் படித்தவர். மாட்டுக் கடன் சம்பந்தமாய் வந்த ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து கொடுத்தார். முழுதும் ஒரே வாக்கியம். எண்ணினேன், 64 சொற்கள். 30 நாளைக்குள் ஆட்சேபணை சொல்லலாம் என்ற சங்கதி அதன் நடுவயிற்றில் புதைந்து கிடந்தது. அவர் என்னிடம் வருவதற்குள் 30 நாளும் தீர்ந்துபோயிற்று. இதில் படிக்கத் தெரியாதவர் யார், எழுதத் தெரியாதவர் யார் என்று கேட்கின்றேன்.

எழுத்தின் எளிமையை அளக்க முடியுமா என்பீர்கள். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ருடால்ப் பிளெஷ் என்பவர் 1948-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். வாக்கியத்துக்குச் சராசரி எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை என்று எண்ணி மார்க்குப் போடுவது. மார்க்கு 100-ஐ நெருங்க நெருங்க எளிமை. இதில் மந்திரமுமில்லை, தேவரகசியமுமில்லை.

ஆனால் அது இங்கிலீஷுக்குத் தைத்த சட்டை. "போகவேண்டியிருந்தபடியால்" என்பது நமக்கு ஒரே சொல், குழந்தைக்கும் புரிகிறது. பத்திரத்தில் வரும் "ஷை" ஒரே எழுத்து. இங்கே எத்தனை பேருக்குப் புரிகிறது? (சிரிப்பு)

ஆகையால் 1953-ல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் சொன்ன வழியே நமக்கு உபயோகமானது. எழுதியதில் ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் அழித்துவிட்டுக் கோடு போடுங்கள். படிப்பவர் நிரப்பட்டும். அவர் எவ்வளவுக்குச் சரியாய் நிரப்புகிறாரோ அவ்வளவுக்கு எழுதினவன் பாஸ். பண்டிதரைக் கூப்பிட்டு நிரப்பச் சொல்லிப் பிரயோஜனமில்லை. யாருக்காக எழுதினோமோ அவரிடமே கொடுக்கவேண்டும்.

அந்த நோட்டீசை நான் ஏழு வாக்கியமாக உடைத்தேன். கெடு நாளை முதல் வரியில் வைத்தேன். "ஷை"யை எடுத்துவிட்டு அம்மாளின் பெயரையே போட்டேன். சட்டம் ஒன்றும் இடிந்து விழவில்லை. "ஜப்தி"யை மாத்திரம் தொடவில்லை. கடன்பட்டவனுக்கு அதைவிடத் தெரிந்த சொல் ஏது?

இனி நம்முடைய யோக்கியதை. போன மாதம் நான் எழுதிய துண்டுப் பிரசுரத்தில் ஐந்தாவது சொற்களை அழித்து 20 பிரதி கொண்டுவந்திருக்கிறேன். பென்சிலும் இருக்கிறது. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நெசவுத் தோழர்கள் தயவுசெய்து முன்னால் வரவேண்டும்.