சொட்டு நீலமும் நானும்
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் செயலாளர் என்னை அழைத்தபோது, "தொழிலில் நான் பெற்ற வெற்றி" என்று தலைப்புக் கொடுத்தார். அதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். பாட்டிலுக்கு மூடி செய்கிறேன், கடன் இல்லை, அவ்வளவுதான். அதனால் வேறொருவருடைய வெற்றியைச் சொல்றேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். அந்த வெற்றிக்குள் என்னுடைய தோல்வி ஒன்றும் இருக்கிறது. இந்தக் கல்லூரியில் வேதியியல் படித்தவன் என்கிற முறையில் அதை இங்கே சொல்வதுதான் பொருத்தம்.

எங்கள் வீடு திண்டுக்கல்லில். அப்பா நீலப் பொடி வியாபாரம். மூட்டையாக வாங்கி, சின்னச் சின்ன காகிதப் பொட்டலமாகப் போட்டு, சுற்றுவட்டார மளிகைக் கடைகளுக்குக் கொடுப்பார். பொட்டலம் மடிக்க எங்கள் தெருப் பெண்கள் பதினொரு பேர் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் விரல் நுனியெல்லாம் நீலமாக இருக்கும். எங்கள் வீட்டுப் பூனைக்கும் கால் நீலம்.

இன்றைய மாணவர்களுக்கு நீலம் போடுவது என்றால் என்னவென்று தெரியாமலிருக்கலாம். வெள்ளைத் துணி துவைக்கத் துவைக்கப் பழுப்பாகும். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் இன்னும் சீக்கிரம் ஆகும். பழுப்பு என்றால் துணி மஞ்சள் பக்கம் சாய்கிறது, நீல ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம். கொஞ்சம் நீலச் சாயல் ஏற்றினால் மஞ்சள் அடங்கிப் போகும். உண்மையில் துணி முன்னைவிடக் குறைவான ஒளியைத்தான் தருகிறது. ஆனால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். ஒரு விதத்தில் ஏமாற்று வேலைதான், ஆனால் யாருக்கும் நஷ்டமில்லாத ஏமாற்று!

அந்தப் பொடியின் பெயர் அல்ட்ராமரைன். முன்பெல்லாம் ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லை இடித்து எடுத்தார்கள். 1828-ல் பிரான்ஸில் கிமே என்பவர் செயற்கையாகச் செய்து பரிசு வாங்கினார். வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கரி இவற்றைச் சூளையில் சுட்டால் கிடைப்பது. அமிலம் பட்டால் நிறம் போய் அழுகிய முட்டை நாற்றம் வரும். நான் நம் லேபில் அப்பாவின் பொட்டலத்தைக் கொட்டி இந்தச் சோதனையைச் செய்து, ஒரு மணி நேரம் வகுப்பையே வெளியே நிற்க வைத்தது நம் செட்டுக்கு ஞாபகம் இருக்கும்.

இந்தப் பொடியிடம் ஒரு பிடிவாதம். அது தண்ணீரில் கரையாது. கரைந்தது மாதிரி இருக்கும், ஆனால் மிதந்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரம் விட்டால் வாளியின் அடியில் உட்கார்ந்துவிடும். துணியில் முடிந்து கசக்கிப் போடணும், கையை விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்கணும், துணியை முக்கிய உடனே எடுத்து உதறணும். கொஞ்சம் அசந்தால் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். நீல வியாபாரியான எங்கள் அப்பாவின் வேட்டியே ஒரு கல்யாணத்தில் பின்பக்கம் மாலை நேரத்து வானம் மாதிரி இருந்தது. சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். எனக்கு இந்தக் கல்லூரியில் "நீலகண்டன்" என்று பட்டப்பெயர் வந்ததும் சட்டைக் காலரில் இருந்த திட்டால்தான். அந்தப் பெயர் வைத்தவர் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாதவர்போல் விசிறிக்கொண்டிருக்கிறார்.

1981-ல், நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, துவைகல்லுக்குப் பக்கத்தில் நின்று அம்மா கேட்டார்கள்: "ஏண்டா, காலேஜ்ல இத்தனை கலரைக் கரைச்சு வெளையாடுறியே, கரையிற நீலம்னு ஒண்ணு கெடையாதா?"

நான் அன்றைக்குத்தான் நிறமிக்கும் சாயத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் படித்திருந்தேன். பெருமையாகச் சொன்னேன்: "அது பிக்மென்ட்மா. கரையாது. கரையிறது டை. ரெண்டும் வேற." அம்மா விடவில்லை. "அப்ப கரையிறதா வேற ஏதாச்சும் பாரேன்" என்றார்கள். நான் முதல் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அந்தக் கேள்வி பல்கலைக்கழகத் தேர்வில் ஐந்து மார்க்குக்கு வந்தது. ஐந்துக்கு ஐந்து வாங்கினேன்.

அதே காலத்தில் கேரளத்துக்காரர் ஒருவர் பம்பாயில் கணக்கராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் எம்.பி. ராமச்சந்திரன். சொந்த ஊர் திருச்சூர் மாவட்டத்துக் கண்டாணசேரி. படித்தது வணிகவியல், வேதியியல் அல்ல. இதை வேதியியல் துறை நண்பர்கள் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும்! வெள்ளை உடுப்பில் நாட்டம் உள்ளவர். கடையில் கிடைக்கும் நீலம் எதுவும் அவருக்குத் திருப்தி தரவில்லை. எங்கள் அம்மாவுக்கு இருந்த அதே தலைவலிதான். துணி ஆலைகளில் வெண்மை கூட்ட ஊதா நிறச் சாயம் பயன்படுத்துகிறார்கள் என்று ரசாயனத் தொழில் பத்திரிகை ஒன்றில் படித்தார். நாமாக இருந்தால் பக்கத்தைப் புரட்டியிருப்போம். அவர் சாயத்தை வாங்கி வந்து வீட்டுச் சமையலறையில் கலக்கிப் பார்த்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏறக்குறைய ஒரு வருஷம்.

பொடி மிதக்கும், சாயம் கரையும். கரைந்தால் வாளி முழுக்க ஒரே சீராகப் பரவும், திட்டுக்கு வழியில்லை. நான் ஐந்து மார்க் வாங்கிய விடை அதுதான், அவர் அதைப் பாட்டிலில் அடைத்தார். 1983-ல் அண்ணன் தம்பி உறவில் 5,000 ரூபாய் கடன் வாங்கி, குடும்ப நிலத்தில் ஒரு மூலையில் ஒரு சின்னத் தொழிற்கூடம் போட்டார். அவருடைய மகள் அப்போது சின்னக் குழந்தை. அந்தக் குழந்தையின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார்: ஜோதி லேபரட்டரீஸ். சரக்கின் பெயர் உஜாலா. ஆறு பெண்கள் வீடு வீடாகப் போய் திருச்சூர், மலப்புரம் மாவட்டங்களில் விற்றார்கள்.

வீடு வீடாகப் போனதை நான் முக்கியமாக நினைக்கிறேன். வாளிக்கு நாலு சொட்டு என்றால் யார் நம்புவார்கள்? பொட்டலம் பொட்டலமாகக் கொட்டிப் பழகிய கை அது. துவைக்கிற பெண்ணின் எதிரிலேயே சொட்டு விட்டுக் காட்டினால்தான் நம்பிக்கை வரும். கடைக்காரரிடம் கொடுத்திருந்தால் அலமாரியிலேயே தூசி படிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் ஊருக்கு அந்த பாட்டில் வந்தபோது தொண்ணூறுகள். டிவி விளம்பரம் வந்து எல்லார் வாயிலும் அந்தப் பெயர் புழங்கியது. அதற்குள் நான் அப்பாவோடு வியாபாரத்தில் இருந்தேன். "தண்ணியை வித்துக் காசாக்குறான்" என்று அப்பா கடை கடையாகச் சொன்னார். நானும் பின்பாட்டுப் பாடினேன். அந்தச் சமயத்தில் ஒரு அதிசயம். அப்பாவின் வேட்டி திடீரென்று பளிச்சென்று ஆகிவிட்டது. ஒரு திட்டு இல்லை. அப்பா அந்த வேட்டியையே விரித்துக் காட்டி, "பாருய்யா, நம்ம பொடி" என்று கடைக்காரர்களிடம் ஆர்டர் கேட்டார்.

மூன்று மாதம் கழித்து அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டபோது அவர் கையில் பாட்டில் சிக்கியது.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா கத்துவார் என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திண்ணையில் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் எழுந்து வந்து, "இதையே போடு, ஒளிச்சு வைக்காத" என்றார். அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிப் பேசியது. அம்மா அன்று இரவு என்னிடம், "பதினோரு பொம்பளைங்க பொழப்புல நானே மண்ணைப் போட்டுட்டேனாடா?" என்று கேட்டு அழுதார்கள். அம்மா ஒருத்தர் வாங்கியதால் அந்தத் தொழில் போகவில்லை. ஆனால் அன்று எனக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. 81-ல் கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் எனக்கு ரோஷம் வந்தது. நான் பி.எஸ்சி., அவர் கணக்கர்! சாயம் வாங்கினேன், எங்கள் ஊர்த் தண்ணீரில் கலக்கினேன், பாட்டில் பிடித்தேன், லேபிள் அடித்தேன். பதினைந்தே நாளில் சரக்கு தயார். பதினொரு பெண்களும் பொட்டலம் மடிப்பதை விட்டுப் பாட்டில் நிரப்பினார்கள். ஒரு மாதம் நன்றாகவே போனது. பிறகு பாட்டில் அடியில் படிவு கட்டியது. போர் தண்ணீரின் உப்பைப் பற்றி யோசிக்கவில்லை. அதைவிட மோசம் மூடி. வெயிலில் தளர்ந்து ஒழுகியது. ஒரு பெரிய கடையில் எங்கள் பெட்டி ரவை மூட்டைக்கு மேலே இருந்திருக்கிறது. கடைக்காரர் போன் பண்ணி, "தம்பி, ரவை கத்திரிப்பூ கலர்ல இருக்கு, யார்கிட்ட விக்கட்டும்?" என்றார். மூன்று மூட்டைக்குப் பணம் கட்டினேன். அந்த ஒரு வருஷச் சமையலறை வேலை எதற்கென்று அப்போது புரிந்தது. அவருடைய சரக்கை நான் பார்த்துச் செய்தேன். அவர் எத்தனை முறை தவறாகக் கலக்கிக் கொட்டியிருப்பார் என்பதை நான் பார்க்கவில்லை.

1999-ல் வியாபாரத்தை மூடினோம். பின்கட்டைக் கழுவிவிட்டபோது தெருச் சாக்கடை இரண்டு நாள் நீலமாக ஓடியது.

மூடிதான் என் பாட்டிலைக் கவிழ்த்தது என்பதால், மூடி எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கப் போனேன், அதிலேயே தங்கிவிட்டேன். பினாயில், பாத்திரம் தேய்க்கும் திரவம் அடைக்கிற சின்னக் கம்பெனிகளுக்கு இப்போது மூடி வார்த்துக் கொடுக்கிறேன். பதினொரு பேரில் நாலு பேர் என்னோடு வந்தார்கள். மற்ற ஏழு பேருக்கு என்னால் வேலை கொடுக்க முடியவில்லை. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

கண்டாணசேரிக்காரர் கம்பெனி 2007-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2011-ல் ஹென்கெல் இந்தியாவை வாங்கியது. நாம் பாத்திரம் கழுவுகிற பிரில், துணிக்குப் போடுகிற ஹென்கோ, வேப்பெண்ணெய் மார்கோ சோப்பு எல்லாம் அந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தன. 2020-ல் நிர்வாக இயக்குநர் பொறுப்புக்கு வந்தவர் யார் தெரியுமா? கம்பெனிக்குப் பெயர் கொடுத்த அதே மகள்.

நம் பாடத்திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் படித்தபோது லேபில் உப்பு ஆய்வு செய்தோம். எங்கள் வீட்டுக் குழாயில் வந்த உப்பை யாரும் ஆய்வு செய்யச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அம்மா கேட்டபோதே காதில் வாங்காதவனுக்கு ஆசிரியரைக் குறை சொல்ல என்ன யோக்கியதை?

காலையில் வேதியியல் துறைத் தலைவரிடம் பேசினேன். மூன்றாம் ஆண்டு மாணவ மாணவியர் ஒவ்வொருவரும் வரும் லீவில் வீட்டில் ஒரு வாரம் கவனித்து, அம்மாவோ அப்பாவோ பாட்டியோ தினமும் எந்தப் பொருளைத் திட்டுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மாலை நேரத்தில் லேபில் வேலை செய்ய அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். ரசாயனச் செலவும் உடையப்போகும் கண்ணாடிச் சாமான் செலவும் என்னுடையது. ஒரு வருஷத்துக்கு முன்னால் யாரும் சரக்கு தயார் என்று என்னிடம் வரக்கூடாது. பாட்டில் பிடிக்கிற கட்டம் வந்தால் மூடி எத்தனை வேண்டுமானாலும் இலவசம்.

ஒழுகாது.